பலகை பருத்தால் படகு ஒழுகாது

பிரான்சின் லெ ஹாவ்ர் நகரில் 1913-இல் கட்டப்பட்ட பாய்மரப் படகு 'ஜோலி பிரீஸ்'. 1925-இல் நடந்த முதல் ஃபாஸ்ட்நெட் கடற்போட்டியில் வென்ற இம்மரப் படகு, நூறு வயதைக் கடந்தும் கடலோடியது. இத்தகைய பழம்படகுகள் ஐரோப்பாவில் செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. நெடுநாள் கரையில் கிடந்த படகின் பலகை இணைப்புகளில் வெடிப்புகள் தெரியும். நீரில் இறக்கினால் ஒழுகும். விற்பவர் ஏமாற்றிவிட்டாரா?

அவசரப்பட வேண்டாம். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதை நாம் அறிவோம். மரம் என்பது நுண்குழல்களின் கட்டு. குழற்சுவரிலுள்ள செல்லுலோஸ் இழைகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் புகுந்து அவற்றை விலக்குகின்றன. உலர்மர எடையில் சுமார் 30 விழுக்காடு நீர் சேரும்வரை மரம் பருக்கும். அதற்குமேல் வரும் நீர் குழல்களின் உள்ளே வெறுமனே தங்கும். இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் அமைந்திருப்பதால் பலகையின் நீளம் ஏறத்தாழ மாறாது, அகலமே கூடும். 15 செ.மீ. அகலப் பலகை சில மில்லிமீட்டர் விரியும். அப்போது பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, இடையில் திணித்த பஞ்சுத் திரியை இறுக்குகின்றன. சில நாட்களில் ஒழுக்கு குறைந்துவிடும்.

அதன் பின்னும் குறையாவிட்டால்தான் கவலை. உண்மையான பகை, மேல்தளத்தில் தேங்கும் மழைநீர். ஈரமும் காற்றும் சேருமிடத்தில் பூஞ்சை வளர்ந்து மரத்தை மட்கச் செய்யும். பளபளக்கும் வார்னிஷ் இதை மறைத்துவிடும். கூர்முனையால் அழுத்திப் பார்த்தால் மட்கிய மரம் எளிதில் உள்வாங்கும்.

ஆகவே வாங்குபவர் வெடிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மென்மையைக் கண்டே அஞ்ச வேண்டும். கதவுக்குத் தொல்லை தரும் பண்பே படகைக் காக்கிறது!