புதைத்த தாலந்தைத் தோண்டி எடுப்போம்

ஆண்டு விழா நெருங்குகிறது. "பாடத் தெரிந்தவர்கள், கவிதை எழுதுபவர்கள், படம் வரைபவர்கள் பெயர் கொடுங்கள்" என்று வகுப்பில் கேட்கிறோம். சில நொடிகள் அமைதி. பிறகு எல்லா விரல்களும் பக்கத்தில் இருப்பவளைக் காட்டுகின்றன. "இவள் நன்றாகப் பாடுவாள், டீச்சர்!" என்று நான்கு குரல்கள் எழுகின்றன. காட்டப்பட்டவளோ மேசைக்கு அடியில் தலையைக் குனிந்து கொள்கிறாள். "ஐயோ, எனக்கு வராது டீச்சர்" என்கிறாள். நேற்றுத்தான் மதிய உணவு வேளையில் வேப்ப மரத்தடியில் அவள் பாடியதை நாம் கேட்டிருக்கிறோம். வராது என்பது உண்மையன்று. பயமாக இருக்கிறது என்பதே உண்மை.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஐந்து பெற்றவன் அதைப் பத்தாக்கினான். இரண்டு பெற்றவன் நான்காக்கினான். ஒன்று பெற்றவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்தான். இந்த மூன்றாமவனைச் சோம்பேறி என்று மட்டுமே நாம் நினைத்து விடுகிறோம். ஆனால் தலைவர் கணக்குக் கேட்டபோது அவன் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தனக்கு அச்சமாக இருந்தது என்றுதான் அவன் சொன்னான். திறமை மண்ணுக்குள் போவதற்கு முதற் காரணம் அச்சமே. ஆகவே, கலைத்திறன் உள்ளவரை வாட்டும் இந்த அச்சத்தைப் பற்றியும், அதை வெல்லும் வழியைப் பற்றியும் இங்கே சிறிது சிந்திப்போம்.

அச்சம் வரும்போது நம் உடலில் என்ன நடக்கிறது? நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றிற்கு அட்ரினல் சுரப்பிகள் என்று பெயர். ஆபத்து என்று மூளை கருதியவுடன் இவை அட்ரினலின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. வழியில் பாம்பைக் கண்டால் ஓடுவதற்கு இறைவன் தந்த ஏற்பாடு இது. மேடையைக் கண்டாலும் உடல் இதையே செய்கிறது. மேடைக்கும் பாம்புக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. எனவே கை நடுங்குவதைக் கண்டு "எனக்குத் திறமை இல்லை" என்று முடிவு கட்டுவது தவறு. நடுக்கம் உடலின் வேலை. அதற்கும் திறமைக்கும் தொடர்பில்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் சிறிது நேரத்தில் படபடப்புத் தணியும்.

உடலின் அச்சத்தை இவ்வாறு தணித்து விடலாம். மனத்தின் அச்சம் அவ்வளவு எளிதில் போகாது. அது இரண்டு குரல்களில் பேசும். ஒரு குரல், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கும். மற்றொரு குரல், "உனக்கு இது வருமா?" என்று கேட்கும். முதற்குரல் வெளியிலிருந்து வந்து நமக்குள் குடியேறியது. இரண்டாவது குரல் நமக்குள்ளேயே பிறப்பது. இவ்விரண்டையும் வென்ற இரு பெண்மணிகளை நம் காஞ்சிபுரம் மண்ணிலேயே காணலாம்.

முதலாமவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். இவர் நம் மாவட்டத்து நீர்வளூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1901-ஆம் ஆண்டு பிறந்தார். அக்கால வழக்கப்படி ஆறு வயது நிரம்பு முன்பே திருமணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் சென்று படிக்கவில்லை. திருவல்லிக்கேணியில் புகுந்த வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் வல்லவராக இருந்தார். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்கள் பார்க்க அழைத்துச் சென்றார். பார்க்கப் பார்க்க, தாமே ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் ஆவல் அவருக்குப் பிறந்தது. ஆனால் அவருக்குத் தமிழில் எழுதத் தெரியாது!

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "எழுதவே தெரியாதவளுக்கு நாடகம் ஒரு கேடா?" என்று நம்மை நாமே கேலி செய்துகொண்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்போம். கோதைநாயகி அம்மாள் தம் தோழி பட்டம்மாளிடம் சென்றார். இவர் வாயால் சொல்ல, தோழி எழுதினார். அப்படி உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924-இல் அச்சாகியது. பின்னர் அத்தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார். 1925-ஆம் ஆண்டில் 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஒரு பெண் பத்திரிகை நடத்துவதா என்று முகம் சுளித்தவர்கள் அக்காலத்தில் பலர். அம்மையார் எழுதுவதை நிறுத்தவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுதினார். 1960-இல் அவர் மறைந்தபோது 115 நாவல்களை எழுதியவர் என்னும் பெருமை அவருக்கு இருந்தது. எழுத்தறியாமல் தொடங்கியவர் எட்டிய உயரம் அது.

இரண்டாமவர் டி. கே. பட்டம்மாள். தோழியின் பெயரும் இவர் பெயரும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வேண்டாம். இவர் கர்நாடக இசை உலகின் பேரரசிகளுள் ஒருவர். பெயரின் முன்னுள்ள முதல் எழுத்து, காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்னும் ஊரைக் குறிப்பது. 1919-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தார். இவருடைய தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். ஆயினும் குலக் கட்டுப்பாட்டின் காரணமாக உறவினர் கூடியிருக்கும் இடத்தில்கூட வாய் திறந்து பாட இயலாதவராக இருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் மகள் மேடையேறுவது எங்ஙனம்?

சிறுமி பட்டம்மாளுக்குக் குருகுலப் பயிற்சி வாய்க்கவில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை என்னும் பெரும் வித்துவானின் கச்சேரிகளைக் கேட்கச் செல்வார். கேட்டதை வீட்டிற்கு வந்ததும் குறித்துக்கொள்வார். அதற்குச் சகோதரர்களும் துணை செய்தனர். குறித்ததைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பார். பள்ளியில் அரங்கேறிய நாடகம் ஒன்றில் அவர் பாடியபோது அவருடைய குரல்வளம் ஊருக்குத் தெரிய வந்தது. இசைத்தட்டில் பாட அழைப்பு வந்தது. தந்தையார் தயங்கினார். மேடையில் பாடிய பெண்ணை யார் மணம் முடிப்பார்கள் என்பது அவர் கவலை. பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் அவரிடம் எடுத்துரைத்து இணங்கச் செய்தார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அன்று அந்தப் பேச்சைப் பேசாதிருந்தால், நாம் ஒரு மாபெரும் குரலை இழந்திருப்போம்.

பத்து வயதளவில் வானொலியில் பாடிய பட்டம்மாள், 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதற் கச்சேரி செய்தார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. கச்சேரியில் இராகம், தானம், பல்லவி என்று ஒரு பகுதி உண்டு. ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளம் தவறாமல், காலத்தை இரட்டித்தும் குறைத்தும் அங்கேயே கற்பனையால் விரித்துப் பாட வேண்டும். கடினமான கணக்குகள் நிறைந்த இப்பகுதி ஆண்களுக்கே உரியது என்று அந்நாளில் கருதினர். பட்டம்மாள் அதை மேடையில் துணிந்து பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று அவரைப் புகழ்ந்தனர். 1947-இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் அகில இந்திய வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடினார். 1970-இல் சங்கீத கலாநிதி விருதும், 1998-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். 2009-இல் இறைவனடி சேர்ந்தார்.

இவ்விருவர் வரலாற்றிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் காண்கிறோம். இருவரும் தனியாக அச்சத்தை வெல்லவில்லை. ஒருவருக்கு எழுதுகோல் பிடித்த தோழி இருந்தார். மற்றவருக்கு வீடு தேடி வந்து பேசிய தலைமையாசிரியை இருந்தார். மேலும் ஒரு செய்தி: பட்டம்மாளை மேடையில் பாட ஊக்குவித்தவர்களுள் கோதைநாயகி அம்மாளும் ஒருவர். தாம் பெற்ற துணையை அவர் அடுத்தவருக்கு வழங்கினார். திருவிவிலியத்திலும் இதைக் காண்கிறோம். தமக்குத் திக்கு வாய் என்று மோசே பின்வாங்கியபோது, இறைவன் அவரைக் கடிந்துகொண்டாலும் கைவிடவில்லை. பேசுவதற்கு அண்ணன் ஆரோனைத் துணையாகத் தந்தார்.

அச்சம் முழுவதும் நீங்கிய பிறகு தொடங்கலாம் என்று சிலர் காத்திருப்பர். அந்த நாள் வராது. பாப்லோ கசால்ஸ் என்பவர் செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். 1901-இல் அமெரிக்காவில் மலையேறியபோது உருண்டு வந்த பாறை அவர் இடக்கையை நசுக்கியது. அப்போது அவர் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம், இனிமேல் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதானாம்! அவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். கை குணமாயிற்று, மறுபடியும் வாசித்தார். 96 வயது வரை வாழ்ந்து 1973-இல் மறைந்த அவரை மேடை அச்சம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவரும் வாசிப்பதை விடவில்லை. அத்தகைய மேதைக்கே அப்படி என்றால், நமக்குக் கை நடுங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, எப்படித் தொடங்குவது? அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மானாம்பதியில் விடியற்காலையில் ஒரு தெருவில் நடந்து பார்த்தால் போதும். வாசல் தெளித்து நம் அம்மாவும் பாட்டியும் கோலம் போடுகிறார்கள். பதினைந்து புள்ளி வைத்து ஒரே இழையில் சிக்கலான கோலத்தை முடிக்கிறார்கள். "எனக்கு வருமா?" என்று அவர்களில் எவரும் கேட்பதில்லை. ஏன்? நாள்தோறும் போடுகிறார்கள். இழை தவறினால் விரலால் அழித்துவிட்டு மறுபடி இழுக்கிறார்கள். நண்பகலுக்குள் அது கால்பட்டு அழிந்துவிடும் என்பதும் தெரியும், அதற்காக வருந்துவதில்லை. நாளைக்கு வேறொன்று. நடுங்காத கை இப்படித்தான் உருவாகிறது. நம் கவிதை நோட்டையும் ஓவியத்தாளையும் வாசற்கோலம் போல எண்ணிப் பழகுவோம். ஒவ்வொன்றும் பரிசு பெற வேண்டியதில்லை. நாள்தோறும் ஒன்று பிறந்தால் போதும்.

மாணவிகளுக்கு இன்னும் இரண்டொரு சொல். முதலில் ஒரே ஒரு தோழியிடம் காட்டுங்கள். பிறகு வகுப்பில் காட்டுங்கள். மேடை அதற்குப் பின் வரட்டும். குறை சொன்னால், எந்த வரியில் குறை என்று கேளுங்கள். அந்த வரியைத் திருத்துங்கள். "நீ" சரியில்லை என்று யார் சொன்னாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோழி தயங்கி எழுந்து பாடும்போது சிரிக்காதீர்கள். அந்த ஒரு சிரிப்பு அவள் தாலந்தைப் பல ஆண்டுகளுக்குப் புதைத்துவிடக் கூடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பாட்டும் படமும் சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். அதில் உள்ள கவலையை நாம் அறிவோம். வயலிலும் தறியிலும் உழைத்துப் படிக்க வைப்பவர்கள் நீங்கள். படிப்பைக் குறைக்கும்படி நாம் சொல்லவில்லை. மாலையில் அரை மணி நேரம் மகளுக்கு ஒதுக்குங்கள். அவள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாத தாய்மார்களும் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு காதும் சிறிது பொறுமையும் போதும்.

ஆசிரியைகளாகிய நமக்கும் அருட்சகோதரியர்க்கும் உள்ள கடமை இதைவிடப் பெரிது. முன்வரிசையில் கை தூக்குபவளை எல்லாரும் காண்பர். கடைசி வரிசையில் நோட்டை மூடி மறைப்பவளைத் தேடிக் காண வேண்டியவர்கள் நாம். அம்முக்குட்டி அம்மாள் செய்ததை நாமும் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் வீட்டுப் படி ஏறிச் சென்று பேச வேண்டும்.

இக்கட்டுரையை எழுத அமர்ந்தபோது, மலருக்கு எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயம் நமக்கும் எழுந்தது. முதல் தாளைக் கிழித்தே போட்டோம். இரண்டாம் தாளில் எழுதியதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் கவிதையும், உங்கள் கதையும், உங்கள் ஓவியமும் இடம்பெற வேண்டும். இறைவன் தந்த தாலந்து மண்ணுக்குள் கிடக்க வேண்டாம். கை நடுங்கினாலும் தோண்டி எடுப்போம். துடைத்து வெளிச்சத்தில் வைப்போம்!