சட்டாம்பிள்ளையும் பக்கத்து மாணவனும்

வகுப்பில் பேச்சொலி எழுந்தால் தலைமையாசிரியர் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். ஆசிரியர் பேச வேண்டும், மாணவர் வாய் மூடியிருக்க வேண்டும், அதுவே ஒழுங்கு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆயினும் மாணவன் மாணவனிடம் கற்பது புதுமையன்று. ஒரு காலத்தில் இம்முறை நம் சென்னையிலிருந்துதான் மேலை நாட்டுக்குச் சென்றது என்றால் வியப்படைவீர்கள்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல், படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கென எழும்பூரில் ஏற்பட்ட பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றில், சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு உதவியாசிரியர்களிடம் சொன்னார். அவர்களோ அது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டனர். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புக்களிலும் மாணவர்களே கற்பிக்கலாயினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் பழகிய வழக்கமே அல்லவா?

பெல் 1796-இல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டே தம் முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது பிரிட்டனில் பரவியது. அவர் பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூசில், அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

இவ்வளவு சிறப்புற்ற முறை சில பத்தாண்டுகளில் ஏன் தளர்ந்தது? ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதால், செலவுக் குறைவே அதன் பெருமையாகிவிட்டது. சட்டாம்பிள்ளை சொல்வான், மற்றவர் திருப்பிச் சொல்வர். “ஏன்?” என்று எவனும் கேட்பதற்கு அங்கே இடமில்லை. தான் மனப்பாடம் செய்ததைச் சட்டாம்பிள்ளை பிறர் வாயில் ஊட்டினான், அவ்வளவே. கூடிக் கற்றல் இருந்தது, வினவிக் கற்றல் இல்லை. இவ்விரண்டும் பிரிந்தால் இரண்டும் கெடும் என்பது என் கருத்து.

இரண்டும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதைக் காட்ட, இரு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட வேறோர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஜூர் என்பவர் பௌதிகப் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையும் எளிதில் போட்டனர். ஆனால் அடிப்படைக் கருத்துக்களைப் பற்றிய எளிய வினாக்களைக் கொடுத்தபோது பலர் தடுமாறினர். அத்தகைய வினா ஒன்றைக் கூறுகிறேன். பாரமான லாரி ஒன்று சிறிய கார் மீது மோதுகிறது. லாரி காரைத் தாக்கும் விசை பெரிதா, கார் லாரியைத் தாக்கும் விசை பெரிதா, அல்லது இரண்டும் சமமா?

மஜூர் தமக்குத் தெரிந்த வகையிலெல்லாம் விளக்கிப் பார்த்தார். மாணவர் முகங்கள் தெளியவில்லை. இறுதியில், “உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்” என்றார். கூடம் முழுவதும் ஒரே ஆரவாரம். ஆனால் சில நிமிடங்களுக்குள் அவர்களே விடையைக் கண்டுகொண்டனர். 1991 முதல் அவர் இதையே தம் கற்பிக்கும் முறையாக்கிக்கொண்டார். முதலில் வினா, பிறகு ஒவ்வொருவரும் தனியே எண்ணி விடையைக் குறிக்க வேண்டும், அதன் பின்னரே, வேறு விடை குறித்த பக்கத்து மாணவனோடு வாதிட வேண்டும், மீண்டும் விடை குறிக்க வேண்டும். ஆசிரியரின் விளக்கம் கடைசியில்தான் வரும்.

லாரி வினாவை நானும் என் வகுப்புக்களில் கேட்பதுண்டு. “கார்தானே நசுங்குகிறது? ஆகவே லாரியின் விசையே பெரிது” என்பான் ஒருவன். “நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம்” என்பான் மற்றவன். “அப்படியானால் கார் மட்டும் ஏன் தூக்கி எறியப்படுகிறது?” என்று முதல்வன் விடாமல் கேட்பான். இங்கேதான் விதியை ஒப்புவித்தவனும் சிந்திக்கத் தொடங்குகிறான். சற்றுத் திணறிய பின், “விசை சமம்தான், காரின் நிறை குறைவு, ஆகவே அதன் வேகம் மிகுதியாக மாறுகிறது” என்று தானே கண்டு சொல்கிறான். அந்தக் கேள்வி எழாதிருந்தால் விதி அவனுக்கு வெறும் வாய்ப்பாடாகவே இருந்திருக்கும். யார் யாருக்குக் கற்பித்தார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

ஆசிரியரால் ஆகாததைப் பக்கத்து மாணவன் எப்படிச் செய்கிறான்? அவன் நேற்றுத்தான் இந்த முள்வேலியைத் தாண்டினான். எந்த முள் எங்கே குத்தியது என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. என் போன்றவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் தாண்டியதால் வேலி இருந்ததையே மறந்துவிட்டோம்.

“கெட்டிக்காரன் சொல்வதை மற்றவர் காப்பியடிக்கிறார்கள், இதில் கற்றல் எங்கே?” என்று கேட்போர் உண்டு. நியாயமான ஐயமே. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். மாணவர் கலந்து பேசிய பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் புதிய வினாவைக் கொடுத்துத் தனித்தனியே விடை எழுதச் செய்தனர். முதலில் தவறியவர்களுள் பலர் இப்போது சரியாக எழுதினர். குழுவில் ஒருவருக்கும் முன்பு விடை தெரியாதிருந்த இடங்களிலும் இம்முன்னேற்றம் இருந்தது என்பதே வியப்பு.

ஆனால் வெறும் அரட்டை இப்பயனைத் தராது. கையை உயர்த்தச் சொன்னால் முதல் வரிசை மாணவனின் கை எழும். அதைப் பார்த்து மற்றக் கைகள் எழும். எனவேதான் வாய் திறக்குமுன் விடையைத் தாளில் எழுதிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். எழுதியவனுக்குக் காப்பாற்ற ஒரு கட்சி இருக்கும். கேட்டால் சிரிப்பார்களோ என்று கடைசி வரிசையில் அஞ்சியிருப்பவனும், ஒரே ஒரு நண்பனிடம் வாதிடத் தயங்க மாட்டான். மதிப்பெண் அதிகம் வாங்குபவனைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் விடையோடு உடன்படாதவனைத் தேடுங்கள்.

வாதத்தால் முடிவு காணாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லுங்கள். இரண்டு சுருள்வில் தராசுகளின் கொக்கிகளை ஒன்றோடொன்று மாட்டி, வலியவன் ஒரு முனையையும் மெலியவன் மறு முனையையும் பிடித்து இழுக்கட்டும். இரண்டு முட்களும் எவ்வளவு காட்டுகின்றன என்று பாருங்கள். அதன் பிறகு இதைத் தாளில் எழுதி நண்பனிடம் நீட்டுங்கள்: காம்பற்று விழும் மாங்காயைப் பூமி இழுக்கிறது, மாங்காயும் பூமியை இழுக்கிறதா? இழுத்தால், எவ்வளவு விசையோடு?