முயல் குட்டிகளின் முதல் இருபது நாட்கள்

முயல் வளர்ப்பில் நஷ்டம் நேருவது பெரும்பாலும் பெரிய முயல்களால் அன்று. கண் திறவாத குட்டிகள் மடிவதனாலேயே ஆகும். தாய் முயல் ஏறக்குறைய 31 நாள் சுமந்து ஈன்ற ஏழெட்டுக் குட்டிகள் இரண்டொரு நாளில் இறந்துபோனால், ஒரு மாதத்துத் தீவனமும் உழைப்பும் வீணாகின்றன. இவ்விழப்பிற் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே. ஆனால் சங்கரன்கோவில் போன்ற வெப்பம் மிகுந்த வட்டாரத்தில் அதனைத் தவிர்க்கும் முறை, மலை நாட்டு முறையினின்று சிறிது வேறுபட்டதாகும்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

புஞ்சைகளில் உழவின்போது காணப்படும் காட்டு முயல் வேறு. கூண்டில் வளரும் முயல் வேறு. பின்னதன் பூர்வீகம் ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியாம். காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண் மூடி, 50 கிராம் அளவே எடையுள்ளதாய்ப் பிறக்கும். காட்டு முயலையோ அதன் குட்டியையோ பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வயலில் தனித்துக் கிடக்கும் குட்டியைத் தாய் கைவிட்டதாக எண்ணி வீட்டிற்கு எடுத்து வரலாகாது. பொழுது சாய்ந்தபின் தாய் வந்து பாலூட்டும். இதனைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

பருவம் அறிதல்

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல மையம் முயல்களை வளர்த்து ஆராய்ந்து வருகிறது. அங்கே குளிரினின்று குட்டிகளைக் காப்பது முக்கியம். சமவெளியிலோ வெயிலே முதற் பகை. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைக் கடந்தால் முயல் வருந்தும். 35 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயலின் வீரியம் சில வாரங்களுக்குக் குன்றிவிடும். ஆகையால் ஆடித் தபசு கழிந்து, வெயில் தணிந்தபின் புரட்டாசியில் இணை சேர்க்கத் தொடங்கித் தை மாதத்தோடு நிறுத்திவிடுதல் உத்தமம். இவ்வாறு செய்தால் கடைசி ஈற்றுக் குட்டிகளும் கோடை உச்சத்திற்கு முன்பே தேறிவிடும்.

ஈனும் பெட்டி

இணை சேர்த்த 27 அல்லது 28ஆம் நாளில் 20 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள மரப்பெட்டியைக் கூண்டில் வைக்க வேண்டும். தாய் எளிதாக ஏறி இறங்க முன்பக்கம் 6 அங்குல உயரமே இருத்தல் வேண்டும். உலர்ந்த மெல்லிய புல்லைப் பரப்பலாம். நெசவு நடக்கும் ஊராதலால் கழிவு நூல் எளிதிற் கிடைக்கும். எனினும் அதைப் பெட்டியில் இடவே கூடாது. நூல் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். தாய் தன் மார்பு உரோமத்தைப் பிடுங்கித் தானே மெத்தை அமைத்துக்கொள்ளும். வெப்ப நாளில் அவ்வுரோமம் மிகுந்திருந்தால் ஒரு பகுதியை எடுத்துச் சுத்தமாகப் பத்திரப்படுத்தி, குளிர் இரவில் திரும்ப இடலாம்.

பாலூட்டலும் பரிசோதனையும்

தாய் நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒரே தடவை, சில நிமிஷமே பாலூட்டும். மற்ற நேரமெல்லாம் விலகியே இருக்கும். இதனைக் கண்டு அஞ்சி, பசும்பாலைக் குட்டியின் வாயில் புகட்டுவோர் உண்டு. பால் நுரையீரலுள் சென்று குட்டி மடிவதே அதன் பலன். தாயிடம் பால் உண்டா என்பதைக் குட்டியின் வயிறே கூறும். காலையில் கைகளை நன்கு கழுவி, கூண்டுப் புல்லில் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு குட்டியாகப் பார்க்கவேண்டும். வயிறு உருண்டு தோல் வழவழப்பாயிருந்தால் கவலையில்லை. தோல் சுருங்கிக் குட்டி துடித்தால் பாலில்லை என்று அறியலாம். அப்போது சமகாலத்தில் ஈன்ற வேறொரு தாயிடம் முதல் மூன்று நாட்களுக்குள் சேர்த்துவிடலாம். தாய்க்குக் காம்புகள் பெரும்பாலும் எட்டே; அதற்கு மேற்பட்ட குட்டிகளையும் இவ்விதமே பகிர்ந்து வைக்கலாம். இறந்த குட்டியை உடனே அகற்ற வேண்டும்.

பூனையைப் போல் குட்டியைக் கவ்வித் தூக்கும் வழக்கம் முயலுக்கில்லை. காம்பைப் பற்றியபடி வெளியே விழுந்த குட்டியை மனிதனே எடுத்து, கைச் சூட்டில் வைத்திருந்து பெட்டியிற் சேர்க்க வேண்டும். தாகமும் அச்சமும் மிகுந்த தாய் குட்டியைத் தின்னக் கூடுமாதலால் எந்நேரமும் தண்ணீர் வைத்தலும், நாய் முதலியவற்றை அண்டவிடாமையும் அவசியம். எறும்பு ஏறாதிருக்கக் கூண்டுக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துக. நண்பகலில் ஈரச் சாக்கைக் கூண்டின் பக்கத்தில் தொங்கவிடலாம். நீர் பெட்டியுள் சொட்டலாகாது.

பிரிக்கும் காலம்

குட்டிகள் 10 முதல் 12 நாட்களில் கண் திறக்கும். 18 முதல் 20 நாட்களில் பெட்டியை விட்டு இறங்கித் தாயின் தீவனத்தைக் கொறிக்கும். வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றை வாடவைத்துச் சிறிது சிறிதாகப் பழக்கி, 5 அல்லது 6 வாரங்களில் தாயினின்று பிரிக்கலாம். கழிச்சலோ காதில் சொறியோ கண்டால், பிற கால்நடைக்கு வாங்கிய மருந்தைக் கொடாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகச் செல்லின் முயலுக்குக் கேடாகும்.

முதல் இருபது நாட்களில் தாய் செய்யும் காரியத்தை மனிதன் செய்ய முயல வேண்டுவதில்லை. நிழலும் நீரும் அமைதியும் அளித்து, நாள்தோறும் ஒருமுறை குட்டிகளின் வயிற்றைப் பார்த்துவந்தாலே போதும். ஈன்றவற்றிற் பெரும்பாலானவை பிழைத்து வளரும்.