வீட்டிலே வளரும் பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்படிப்பட்ட பாம்பை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெயரிட்டுப் போற்றி வளர்க்கும் ஜனங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லக்ஷக்கணக்கில் இருக்கின்றனர். நமது தேசத்தின் பெரிய நகரங்களிலும் இவ்வழக்கம் தலைகாட்டியிருக்கிறது. இதைக் கேட்டு நகைப்பவர் சிலர், அருவருப்பவர் பலர். நாம் நகைக்கவும் வேண்டியதில்லை, அருவருக்கவும் வேண்டியதில்லை. வாய் திறந்து முறையிட மாட்டாத ஒரு ஜீவனை வீட்டிலே அடைத்து வைக்கும் மனிதன் அதற்குச் செய்ய வேண்டிய கடமை யாது, அதை அவன் செய்கிறானா என்பதே ஆராயத்தக்க விஷயம்.

முதலில் சட்டத்தைக் கூறிவிடுவோம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பாம்புகளாகிய நாகம், சாரை, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். அன்பினால் வளர்க்கிறேன் என்று சொல்வது சமாதானமாகாது. அயல்நாட்டுப் பாம்புகளிலும், சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பைப் பெற்ற இனங்களை வைத்திருப்போர் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவற்றின் பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகிய யாவையும் அறிவிக்கவும் வேண்டும். 2022-இல் செய்த சட்டத் திருத்தமும், 2024-இல் வகுத்த விதிகளும் இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

உலகில் வீடுகளிலே மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிறு மலைப்பாம்பு. அதற்கு விஷமில்லை. வளர்ந்ததும் பெரும்பாலும் மூன்றடி முதல் ஐந்தடி நீளமிருக்கும். பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடும் இயல்புடையது. பெனின் தேசத்து வீதா நகரில் இதற்குக் கோயிலே உண்டு. அங்கே வீட்டுக்குள் புகுந்த பாம்பை அடிப்பதில்லை; மரியாதையுடன் எடுத்துப்போய்க் கோயிலில் விடுகிறார்கள். அதே பெனினிலிருந்தும், அண்டை நாடுகளான டோகோ, கானாவிலிருந்தும் இதே பாம்பு வளர்ப்புச் சந்தைக்காக நெடுங்காலமாக ஏற்றுமதியாகி வந்திருக்கிறது. தெய்வமாகவும் சரக்காகவும் ஒரே பிராணி ஒரே நாட்டில் விளங்குவது மனித இயல்பின் விசித்திரமன்றோ?

இப்பாம்பை ஆங்கிலத்தில் பந்துப் பாம்பு என்று அழைக்கிறார்கள். அச்சம் வந்தால் அது பெரும்பாலும் சீறுவதுமில்லை, கடிப்பதுமில்லை. தலையை நடுவிலே மறைத்து, உடலைப் பந்து போலச் சுருட்டிக்கொள்ளும். வாங்கியவனோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு சாது! என்னிடம் எவ்வளவு பிரியம்!" என்று பூரிக்கிறான். அவன் பிரியமென்று கொண்டாடுவது உண்மையில் பயம். அச்சத்தை அடக்கமென்றும், மௌனத்தைத் திருப்தியென்றும் தவறாக எண்ணுவது வலியோருடைய பழைய வழக்கம். நாயைப் போல வாலாட்டவோ, பசுவைப் போலக் கதறவோ பாம்பு அறியாது. நோயிலும் பசியிலும் அது அசையாமல் கிடக்கும். நலமாக இருக்கும்போதும் பெரும்பாலும் அவ்வாறே கிடக்கும். இவ்விரண்டுக்கும் வேற்றுமை காணக் கற்றவனே அதை வளர்க்கத் தகுதியுடையவன்.

அத்தகுதியின் முதற்பாடம் வெப்பம். நம் உடல் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. பாம்புக்கு அந்த ஆற்றல் இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்தே தன் உடற்சூட்டை அது சரிப்படுத்திக்கொள்ளும். ஆதலால் பெட்டியின் ஒரு கோடியில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுகோடியில் 25 முதல் 27 டிகிரி வரையிலும் வெப்பம் இருக்க வேண்டும். இரண்டு கோடியிலும் அது புகுந்து மறைந்துகொள்ள ஒவ்வொரு பொந்து வேண்டும். ஒன்றுதான் உண்டென்றால், சூட்டைத் தேடுவதா, ஒளிவிடத்தைத் தேடுவதா என்று அது தவிக்கும். சூடேற்றும் விளக்குக்கும் தகட்டுக்கும், அளவு மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் கருவி அவசியம். சூடான பொருளின்மேல் படுத்த பாம்பு சுட்டாலும் விலகாமல் கிடந்து வெந்து புண்படுவதுண்டு. நமது சித்திரை வெயிலிலோ தொல்லை வேறு வகையானது. சூடேற்றுவதைவிட அறையைக் குளிர்ச்சியாக வைப்பதே பெரும்பாடாகும்.

இரண்டாவது பாடம் ஈரம். காற்று வறண்டால் தோல் ஒழுங்காக உரியாது. கண்கள் நீலம் பாய்ந்து மங்கும்போது சட்டை உரிக்கும் காலம் நெருங்கிவிட்டதென்று அறியலாம். அந்நாட்களில் அதைத் தொடாமல் விட்டு, ஈரத்தை மிகுவிக்க வேண்டும். நலமாயுள்ள பாம்பின் சட்டை தலை முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழலும். துண்டு துண்டாகக் கழன்றால், குறை பாம்பினிடமன்று, பெரும்பாலும் வளர்ப்பவனிடமே.

மூன்றாவது உணவு. பாம்புக்குப் பால் உணவன்று. எலியே அதன் உணவு. உடலின் பருத்த பாகத்துக்கு ஒப்பான அளவுள்ள எலியை, குட்டிக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது வீரமன்று. எலி திருப்பிக் கடித்துப் பாம்பைப் படுகாயப்படுத்தும். ஆகவே உறையவைத்த எலியை இளக்கி வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கிறார்கள். தின்ற பின் இரண்டு நாளாவது அதைக் கையில் எடுக்கலாகாது. எடுத்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். இந்த இனத்துப் பாம்பு சில சமயம் மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். உடல் மெலியாமலிருக்குமானால் பதறவேண்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், மூச்சில் இரைச்சல் கேட்டாலும், மூக்கில் சளி தோன்றினாலும் உடனே மிருக வைத்தியரிடம் காட்டியாக வேண்டும். ஊர்வனவற்றின் நோயறிந்த வைத்தியர் தம் ஊரில் உண்டா என்பதை வாங்குவதற்கு முன்னரே விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. பாம்பைத் தொட்டவர் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறு குழந்தைகளை அதனருகே விடலாகாது. குடலைத் தாக்கும் சால்மொனெல்லா என்னும் கிருமி நலமாயுள்ள பாம்பிடமும் இருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்பவர்களிடையேகூட ஒரு குற்றம் பரவியிருக்கிறது. புதுப்புது நிறமும் கோலமும் வேண்டுமென்று இந்த மலைப்பாம்பைப் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்குகிறார்கள். அவற்றுள் சிலந்தி என்று பெயர் பெற்ற ஒரு வகை, தோலிலே வலை பின்னியது போன்ற அழகுடையது. ஆனால் அந்த அழகோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே பிறக்கிறது. தலை நடுங்கும், சில பாம்புகள் நிலை தடுமாறிப் புரளும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவும் இயலாமற் போகும். மனிதர் கண்ணுக்கு விருந்தாக ஒரு ஜீவனை ஆயுள் நோயாளியாகப் பிறப்பிப்பதை எந்த நியாயத்தால் ஒப்புவது?

இனி ஆயுளை நோக்குவோம். நன்கு பேணினால் இப்பாம்பு இருபது முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவிலுள்ள செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலைக்கு ஒருவர் 1961-இல் கொடுத்த பெண்பாம்பு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில், 2020-இல் ஏழு முட்டைகள் இட்டது. பள்ளிச் சிறுவன் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, அவன் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பின்னும் உயிரோடிருக்கும். அவன் ஆசையும் அத்தனை காலம் உயிரோடிருக்குமா?

சலிப்புற்றவர் பலர் செய்வது என்ன? இரவோடிரவாக எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இதன் விளைவை அமெரிக்காவின் பிளாரிடா மாகாணம் அனுபவித்து வருகிறது. வளர்ப்புக்கென இறக்குமதியாகித் தப்பியும் விடப்பட்டும் போன பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. அவை வெகுகாலமாக நிலைத்துள்ள இடங்களில் ராக்கூன் என்னும் பிராணி கண்ணிற்படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டதென 2012-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. அதே வருஷம் அமெரிக்க சர்க்கார் அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. வெள்ளம் வந்தபின் போட்ட அணை அது. விடுதலை கொடுத்தேன் என்று விட்டவன் நினைத்தான். ஒரு காட்டின் மற்றெல்லா உயிருக்கும் அவன் யமனை அனுப்பினான்.

அயலாரைக் குறை கூறும் நாம் நம்மையும் நோக்கவேண்டும். நாகபஞ்சமிக்காக நாகத்தைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து, தண்ணீரின்றித் தாகத்தால் வாட்டி, பிறகு பாலை ஊற்றும் கொடுமை நம் தேசத்திலேதான் நிகழ்ந்து வந்திருக்கிறது. தாகம் பொறாமல் அது குடிப்பதைப் பார்த்து, அருந்தி அனுக்கிரகம் செய்ததென்று கும்பிட்டோம். பக்தியின் பெயரால் செய்தாலும், பிரியத்தின் பெயரால் செய்தாலும் அறியாமையின் பலன் அந்தப் பிராணிக்கு ஒன்றே.

பாம்பை நேசிப்போருக்கு நாம் கூறுவது இதுதான். வயலிலே எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரையை அடிக்காமல் விடுங்கள். அதுவே நம் நாட்டில் பாம்பு வளர்ப்பின் முதற்படி. அதற்கும் மேலே சட்டத்துக்குட்பட்ட அயல்நாட்டுப் பாம்பு ஒன்று வேண்டுமென்பவர், பெட்டியின் விலையையும் பாம்பின் விலையையும் கணக்கிடுவதற்கு முன், முப்பது வருஷத்தைக் கணக்கிடட்டும். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருப்பவன் யாராயினும், உள்ளேயிருக்கும் உயிரின் வெயிலுக்கும் நிழலுக்கும் தண்ணீருக்கும் அவனே பொறுப்பாளி. அப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவன் அந்தச் சாவியை வாங்காமலிருப்பதே ஜீவகாருண்யம்.