நெடுவழி நடை – 11: மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

1930 ஏப்ரல் 13. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறி உப்பு எடுக்கக் கிளம்பினார்கள். வேதாரண்யம் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியில் பெரும்பகுதி தஞ்சாவூர் ஜில்லா. அதன் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் நடப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறு போடுபவர்களைக் குறிவைத்தார். உணவோ தங்க இடமோ கொடுத்தால் சிறை, அபராதம் என்று பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அறிவித்தார்.

ஒரு நெடுநடை எதை நம்பி நடக்கிறது என்பது தார்னுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. நூறு பேருக்கான அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு இரண்டு வாரம் நடக்க முடியாது. வழியில் உள்ள ஊர்கள் கதவைச் சாத்திக்கொண்டால் மூன்றாம் நாளே கூட்டம் கலைந்துவிடும்.

ஊர்கள் சாத்திக்கொள்ளவில்லை. நேரில் கொடுக்க வழியில்லாத இடங்களில், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் களைத்து உட்கார்ந்தவர்களுக்கு, சோறு நிறைந்த பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்டிருக்கும் இடம் காட்டப்பட்டது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவே இல்லாமல் எல்லோரையும் தம் வீட்டில் தங்கவைத்து விருந்து போட்டார். ஆறு மாதம் சிறைக்குப் போனார். நடந்தவர்கள் ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள்.

ராஜாஜியின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. விடியுமுன் உலை வைத்து, வடித்து, இலையில் கட்டி, போலீஸ் கண்ணில் படாமல் சாலை மரம்வரை வந்து போனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டில் இருக்கின்றன? அந்த நடையில் பாதி அவர்களுடையது என்றே நான் கருதுகிறேன்.

நடப்பவருக்கு வழியோரம் உணவு வைத்துவிட்டுப் போவது வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் அப்பலாச்சியன் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் மாநிலம்வரை, மலைமேலேயே சுமார் 3,500 கிலோமீட்டர். முழுதும் நடக்க ஐந்தாறு மாதம் ஆகும். பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடங்களில் உள்ளூர்க்காரர்கள் குளிர்பானமும் பழமும் வைத்துவிட்டுப் போவார்கள்; நடப்பவரை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விடுவார்கள். ஆள் இல்லாமல் உணவை வைத்துவிட்டுப் போகாதீர்கள், கரடி வரும், குப்பை சேரும் என்று பாதையைப் பராமரிப்பவர்கள் இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். கரடியைத் தவிர மற்றதெல்லாம் சென்னையை அடுத்த எங்கள் ஊரப்பாக்கத்துக்கும் பொருந்தும்.

மார்கழி பிறந்தால் தைப்பூசம் வரைக்கும் எங்கள் ஜி.எஸ்.டி. சாலையோரம் சிவந்திருக்கும். மேல்மருவத்தூர் ஆதிபராசக்திக்கு இருமுடி கட்டி வரும் செவ்வாடைக்காரர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறார்கள். நடந்தே போகிறவர்களும் உண்டு. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் வரும்போது கால் கொப்பளித்திருக்கும். அதற்கப்புறமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. (வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களில் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடுவதால், எங்களுக்கு வாய்த்தது இந்த நடைதான்.)

“வாங்க சக்தி, மோர் குடிச்சிட்டுப் போங்க” என்று மேசை போட்டு நிற்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைகிறது. சுண்டல், தக்காளி சாதம், ராத்திரியானால் சுக்குக் காபி. கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஸ்டிக்கரை நான் சோற்றுக்குச் சமமாக வைப்பேன். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு இரவெல்லாம் வெளியூர்ப் பேருந்துகள் திரும்பும் இடம் இது. சாலை அகலமான அளவுக்கு, நடப்பவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனால் கொடுப்பதில் நாம் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. நடப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேல்மருவத்தூரில் பெண்களே கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்யலாம், மாதவிலக்கும் அங்கே தடையில்லை. அதனால் அந்த நாட்களிலும் தயங்காமல் நடக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு கொடுக்க ஒவ்வொரு முக்கிலும் ஆள் நிற்கிறது. ஒதுங்க இடம் இல்லை. மோர் நீட்டினால் வேண்டாம் என்று நகர்ந்துவிடும் பெண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் எங்கே போவது என்ற கணக்கு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நடந்தால் தலைசுற்றும், நீர்க்கடுப்பு வரும், காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஊரப்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை சாலையின் இருபுறமும் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கின்றன. மண்டபக்காரர்களே, பின்பக்கக் கழிப்பறைகளை மட்டும் திறந்துவிடுங்கள். உள்பக்கம் ஒழுங்காக விழுகிற தாழ்ப்பாள், ஒரு பல்பு, தொட்டியில் தண்ணீர், மூடி போட்ட குப்பைக்கூடை, வாசலில் ஒரு அக்கா. அன்னதானம் செய்யும் குழுக்களே, ஒரு வேளைச் சாதத்தின் செலவைத் தண்ணீர் லாரிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் கூலிக்கும் ஒதுக்குங்கள். மண்டபத்தின் பெயரையும், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் மோர்ப் பந்தலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம்: 1962-ல் கையில் காசில்லாமல் டில்லியிலிருந்து மாஸ்கோவை நோக்கி நடந்த சதீஷ்குமாரும் ஈ.பி. மேனனும், வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பெண் கொடுத்தனுப்பிய நான்கு பொட்டலங்களும்.

(நடை தொடரும்)