வாக்குத்தத்த அட்டையின் மறுபக்கம்

டிசம்பர் 31 நள்ளிரவு. புத்தாண்டு வாழ்த்துச் சத்தம் அடங்குவதற்குள் தமிழ்நாட்டின் பல சபைகளில் ஒரு தட்டு வலம் வரத் தொடங்கிவிடும். அதில் கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதுதான் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம். சிலர் பீரோ கண்ணாடியில் ஒட்டுவார்கள், சிலர் பைபிளுக்குள் செருகிவைப்பார்கள். விடிந்ததும் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டால் வாழ்த்துக்கு அடுத்த பேச்சு அதுதான்: "உங்களுக்கு என்ன வாக்குத்தத்தம் வந்துச்சு அத்தை?" வேலை தேடிக்கொண்டிருக்கும் பையனுக்கு உயர்வைப் பற்றிய வசனம் வந்துவிட்டால் வீடே பூரித்துப்போகும்.

இதே சாயலில் ஒரு பழக்கம் ஜெர்மனியில் ஏறக்குறைய 300 ஆண்டுகளாக நடந்துவருகிறது. சாக்சனி பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சின்ன ஊர். மத நெருக்கடிக்குத் தப்பி மொராவியாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு சின்சென்டார்ஃப் பிரபு அங்கே இடம் கொடுத்திருந்தார். 1728 மே 3 அன்று மாலைக் கூட்டத்தில், மறுநாள் முழுக்க மனதில் வைத்துக்கொள்ளும்படி அவர்களுக்கு ஒரு வசனத்தைக் கொடுத்தார். காலையில் அதை ஒருவர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார். அப்படியே நலமும் விசாரித்துவிட்டு வருவார். 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகின்றன. இன்று 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகின்றன. ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள், அதுவும் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். இந்த மொராவிய சகோதரர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்திறங்கினார்கள்.

தட்டில் அட்டை எடுக்கும் பழக்கத்தைக் கேலி செய்பவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. "கிளி ஒன்றுதான் குறைச்சல்" என்பார்கள். கேலியில் நியாயம் இல்லாமலும் இல்லை. வேதத்தைத் திறந்து கண்ணில் பட்டதைக் குறியாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை, பிரான்சின் தென்பகுதியில் 506இல் கூடிய ஆக்த் திருச்சபைச் சங்கம் தடையே செய்தது. புனித அகுஸ்தீனின் கதை இன்னும் வேடிக்கை. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், எடுத்து வாசிக்கச் சொல்லும் குழந்தைக் குரல் கேட்டு ரோமர் நிருபத்தைத் திறந்தவர் அவர். அன்று கண்ணில் பட்ட பகுதி அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. பிற்காலத்தில் அவரே, உலகக் காரியங்களுக்கு விடை தேடிச் சுவிசேஷத்தில் சீட்டுப் பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று கடிதம் எழுதினார்.

அப்படியானால் அன்றாட வாழ்க்கையில் வசனத்தை எப்படித்தான் எடுத்துக்கொள்வது? நாசி ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் தீத்ரிக் போன்ஹாஃபரின் நாட்குறிப்பில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். வேலை தயார், பாதுகாப்பு தயார். ஊரிலோ போர் மூளும் நிலை. ஆனால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூன் 26 அன்று, மாரிக்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி கண்ணில் பட்டது. அன்று முழுவதும் அது தன்னை விடவில்லை என்று எழுதிவைத்தார். ஜூலையில் கப்பல் ஏறினார். 1943இல் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

வசனம் வந்தது, கிளம்பிவிட்டார் என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது சுலபம். தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திரும்பிப் போகிறேன் என்று தன்னை அழைத்தவர்களிடம் அவர் சொன்னது ஜூன் 20ஆம் தேதி. வசனம் வந்தது ஆறு நாள் கழித்து. முடிவை அவர் தானே தவித்து எடுத்தார். அந்த முடிவுக்கு ஒரு துணையைத்தான் வசனம் காட்டிக்கொடுத்தது. அந்த வரியை எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். கூட இருந்த தேமா விட்டுப் போய்விட்டான். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்கிறார். குளிர்காலம் வந்தால் கடலில் கப்பல் ஓடாது, அதனால்தான் அவசரம். குளிருக்குப் போர்வை கேட்கும் முதியவரின் சாதாரணக் கடிதம் அது. எந்த வாக்குத்தத்தத் தட்டிலும் அந்த மேலங்கி வசனம் இருக்காது.

வீட்டு வாசல்களில் செதுக்கப்படும் 'எபிநேசர்' என்ற பெயருக்கும் இப்படி இன்னொரு பக்கம் உண்டு. சாமுவேல் வெற்றிக்கல் நாட்டி அதற்கு இந்தப் பெயரை வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது 1 சாமுவேல் 7ஆம் அதிகாரம். மூன்று அதிகாரம் முன்னால் போனால், இஸ்ரவேலர் எபிநேசர் அருகே பாளையம் இறங்கித்தான் படுதோல்வி கண்டு, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள்.

காலண்டர்களிலும் கைபேசி ஸ்டேட்டஸ்களிலும் அதிகம் புழங்கும் எரேமியா 29:11க்கு வருவோம். நல்ல எதிர்காலம் உண்டு என்று உறுதி சொல்லும் வசனம். தேர்வு எழுதும் பிள்ளைக்கும், விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் இதைத்தான் அனுப்புவார்கள். முதலில் இது எரேமியாவின் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது கி.மு. 597இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு. முந்தைய வசனமே 70 ஆண்டு ஆகும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். எட்டாம் வசனம், குறிசொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள் என்கிறது! 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லி, அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை உடைத்துப் போட்டான். அட்டையில் அச்சடிக்கத் தோதானது அவன் பேச்சுதான்.

எரேமியா சொன்ன வேலைகளோ மிகச் சாதாரணமானவை. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள். பிழைப்புக்காக வந்த ஊரில் பத்து வருஷம் வாடகைக்கு இருந்தும் "இது நம்ம ஊரா என்ன" என்றே பேசும் குடும்பத்துக்கு இந்தப் பகுதி நன்றாகவே உறைக்கும். தெருமுனைக் குப்பை யார் பொறுப்பு, மாடி வீட்டுப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா, குடிதண்ணீர் மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்பதெல்லாம் இந்த அதிகாரத்தின் கணக்கில் வந்துவிடும்.