உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோயில் ஹிஸ்டமின்
வசந்தகாலத்து மகரந்தத் தும்மலுக்காக மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதித் தமிழர் வாங்கும் மாத்திரை எந்த இரசாயனத்தின் செயலைத் தடுக்கிறதோ, அந்த ஹிஸ்டமினைச் சேமித்துவைக்கும் மாஸ்ட் செல்களைப் பற்றி, அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1965-இல் தனி நூலே இயற்றினார். நான்கு வகை ஏற்பிகளின் வழியே செயற்படும் ஹிஸ்டமின், சில கட்டிகளில் இரத்தநாளங்கள் பெருகுவதற்கு ஹேதுவாகிறது. அதுவே இரத்தப்புற்றிலோ, இரண்டாம் ஏற்பியின் வாயிலாக, நோயெதிர்ப்புச் செல்களை முடக்கும் ஆக்ஸிஜன் நச்சுகள் உண்டாகாமல் தடுத்து நன்மை புரியவல்லது. இந்த அபூர்வ குணத்தை ஆதாரமாகக் கொண்டே, தீவிர மைலாய்டு இரத்தப்புற்று தணிந்த நிலையிலுள்ள வயதுவந்தோருக்கு, ஹிஸ்டமின் உப்பை இன்டர்லூக்கின்-2 உடன் செலுத்தும் சிகிச்சையை ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அனுமதித்தது. ஆயினும், கட்டிகளில் ஹிஸ்டமினுக்குப் பங்குண்டு என்பதற்காக, அதைத் தடுக்கும் ஒவ்வாமை மாத்திரையைப் புற்றுநோய் மருந்தாகக் கருதி எவரும் தாமாகவே உட்கொள்ளலாகாது.